கணினித் தொடக்கத்தில் தமிழ்க் குரல்: திரைபடிப்பான் வரலாற்றில் ஒரு மொழிச்சிக்கல்

ஆய்வுச் சுருக்கம்

பார்வையற்றோர் கணினியைத் தாமே இயக்குவதற்குத் திரைபடிப்பான் என்னும் மென்பொருள் துணைசெய்கிறது. திரையிலுள்ள எழுத்தை அது பேச்சொலியாகவோ பிரெய்லாகவோ மாற்றித் தருகிறது. தமிழ் உரையை ஒலியாக்கும் முயற்சிகள் கால் நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகின்றன. அம்முயற்சிகளைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் குரலின் இயல்புத்தன்மையையே அளவுகோலாகக் கொண்டுள்ளன. கணினி இயங்கத் தொடங்கும் எந்தக் கட்டத்தில் அக்குரல் எழுகிறது, அப்போது எம்மொழியில் பேசுகிறது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. லினக்ஸ் நிறுவல், நுழைவுத்திரை ஆகிய இடங்களை முன்வைத்து இக்கட்டுரை அவ்வினாக்களை ஆராய்கிறது. தமிழ் எழுத்தைக் காட்ட இயலாத உரைத்திரையின் குறைபாடு, தமிழைக் கேட்க விரும்புவோருக்கும் தடையாக மாறியதை இது நிறுவ முற்படுகிறது.

திறவுச் சொற்கள்: திரைபடிப்பான், பேச்சொலிப்பான், டெபியன், ஈஸ்பீக், ஒருங்குறி, பார்வையற்றோர் கல்வி, தமிழ்க் கணிமை.

முன்னுரை

சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர், பால்வண்ணநாதர் கோயிலாலும் திருக்கருவை அந்தாதிகளாலும் தமிழ் இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற ஊர். சுவடிப் பதிப்பு வரலாற்றில் அவ்வூருக்கு வேறொரு நினைவும் உண்டு. ஏடு தேடி அங்குச் சென்ற உ.வே. சாமிநாதையர், கோயிலைச் சார்ந்திருந்த பழஞ்சுவடிகள் முன்னரே வேள்வித் தீயில் இடப்பட்டுவிட்டதை அறிந்து வருந்தியதைப் பதிவு செய்துள்ளார். நூல் இருப்பதும் அது படிப்போர் கைக்கு எட்டுவதும் வேறு வேறு என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

நூல்கள் மின்னுருப் பெற்றுவிட்ட இக்காலத்திலும் இவ்வேறுபாடு மறையவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் பழந்தமிழ் நூல்கள் பல இணையத்தில் கிடைக்கின்றன. பார்வையற்ற வாசகர் ஒருவர் அவற்றைத் தாமே படிக்க வேண்டுமெனில், அதற்கு முன் பல படிகளைக் கடந்தாக வேண்டும். கணினியை இயக்குதல், இயங்குதளத்தை நிறுவுதல், மொழியைத் தேர்தல், கடவுச்சொல்லை உள்ளிடுதல் ஆகியவை அப்படிகள். இவற்றுள் எந்தப் படியில் கணினி ஊமையாக இருக்கிறதோ, அந்தப் படியில் அவருக்குப் பார்வையுள்ள மற்றொருவரின் துணை தேவைப்படுகிறது. ஆகவே, குரல் எப்போது தொடங்குகிறது என்பது தொழில்நுட்ப வினாவாக இருக்கும் அளவிற்குத் தற்சார்பு பற்றிய வினாவாகவும் இருக்கிறது.

தொட்டுப் படித்தலும் கேட்டுப் படித்தலும்

தென்தமிழகத்தில் பார்வையற்றோர் கல்வியின் தொடக்கம் பாளையங்கோட்டையுடன் தொடர்புடையது. சி.எம்.எஸ். திருச்சபைப் பணியாளரான ஆஸ்க்வித் அம்மையார் 1890 அளவில் அங்குப் பார்வையற்றோருக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார். 1887-இல் அமிர்தசரசில் தொடங்கப்பட்ட பள்ளியை அடுத்து, இந்தியாவின் மிகப் பழைய பார்வையற்றோர் பள்ளிகளுள் ஒன்றாகப் பாளையங்கோட்டைப் பள்ளி வளர்ந்தது. இந்திய மொழிகளுக்குத் தனித்தனியே வழங்கிய பிரெய்ல் முறைகள் பின்னர் ஒன்றாக்கப்பட்டு, 1951-இல் பாரதி பிரெய்ல் என்னும் பொதுமுறை வகுக்கப்பட்டது.

பாரதி பிரெய்லில் தமிழ் உயிர்மெய் எழுதப்படும் முறை இவ்வாய்வுக்கு இன்றியமையாதது. அச்சில் 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு முன்னும் ககரம் பின்னும் நிற்கின்றன. பிரெய்லில் ககரம் முன்னும் எகரம் பின்னும் வருகின்றன. அதாவது, கண்ணுக்குத் தோன்றும் வரிசையை விடுத்து ஒலிக்கும் வரிசையையே பிரெய்ல் பின்பற்றியது. பல்லாண்டுகள் கழித்து ஒருங்குறியும் தமிழை இதே ஒலிவரிசையில்தான் சேமித்தது. தமிழ் எழுத்தைக் காட்சி வடிவிலிருந்து பிரித்து ஒலிநிரலாகக் கொள்ளும் எண்ணம் கணினிக்கு முன்பே பார்வையற்றோர் கல்வியில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது இதனால் பெறப்படும்.

பிரெய்ல் நூலைப் படிப்பவருக்கு முதற்பக்கத்தின் முதலெழுத்திலிருந்தே பிறர் துணை தேவையில்லை. கணினி வந்தபோது இந்நிலை மாறியது. புள்ளிகள் உயர்ந்தும் தாழ்ந்தும் எழுத்தைக் காட்டும் பிரெய்ல் திரைக்கருவிகள் விலை மிகுந்தவை. அதனால் இந்தியச் சூழலில் பெரும்பாலோர் பேச்சொலியையே சார்ந்திருக்க நேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50 இலட்சம் பேர் எனக் காட்டுகிறது. இத்தொகையோடு நோக்கும்போது, கூடுதல் கருவி எதுவும் வேண்டாத மென்பொருள் குரலின் தேவை விளங்கும்.

வன்பொருள் குரலும் மென்பொருள் குரலும்

தொடக்கத்தில் கணினிப் பேச்சு தனிக்கருவியிலிருந்தே எழுந்தது. டென்னிஸ் கிளாட்டின் ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1984-இல் வெளிவந்த டெக்டாக் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. கணினியின் தொடர்வரிசை வாயிலில் இக்கருவியை இணைத்து எழுத்துகளை அனுப்பினால், அதுவே அவற்றை ஒலியாக்கிவிடும். டி.வி. ராமன் உருவாக்கி 1995-இல் வெளியிட்ட ஈமாக்ஸ்பீக் தொடக்கத்தில் இவ்வகைக் கருவியையே பயன்படுத்தியது.

வன்பொருள் குரலுக்கு ஒரு பெருவசதி இருந்தது. எழுத்தை ஒலியாக்கும் பணி வெளியே நடந்ததால், கணினி முழுமையாக விழித்தெழும் முன்பே பேச்சு தொடங்க முடிந்தது. கிர்க் ரைசரும் பிறரும் உருவாக்கிய ஸ்பீக்கப் இவ்வசதியைப் பயன்கொண்டது. இது லினக்ஸின் கருனிக்குள்ளேயே இயங்கும் திரைபடிப்பான். இயங்குதளம் தொடங்கும்போது உரைத்திரையில் வரிவரியாக ஓடும் செய்திகளையும் அதனால் படிக்க இயன்றது. 2011 ஜனவரியில் வெளிவந்த 2.6.37 பதிப்பில் லினக்ஸ் கருனியின் சோதனைப் பகுதியில் சேர்க்கப்பட்ட ஸ்பீக்கப், 2020 அக்டோபரில் வெளிவந்த 5.9 பதிப்பில் அப்பகுதியிலிருந்து முதன்மைப் பகுதிக்கு மாற்றப்பட்டது.

மென்பொருள் குரல் இதனினும் வேறுபட்டது. ஒலியட்டை அடையாளம் காணப்பட வேண்டும். அதற்கான இயக்கி ஏற்றப்பட வேண்டும். பேச்சொலிப்பான் நிரலும் மொழித்தரவும் நினைவகத்துக்கு வர வேண்டும். திரைபடிப்பானையும் பேச்சொலிப்பானையும் இணைக்கும் இடைநிரல் ஓட வேண்டும். இவை அனைத்தும் முடியும் வரை கணினி பேசாது. குரலுக்கென ஒரு கருவி வாங்க வேண்டிய செலவு இல்லாமற் போயிற்று. ஆனால் குரல் எழுவதற்கான காலம் பின்தள்ளப்பட்டது.

இத்தாமதத்தைக் குறைத்ததில் ஈஸ்பீக்கின் பங்கு பெரிது. ஜோனத்தன் டடிங்டன் 1995-இல் ஏகார்ன் கணினிக்காக எழுதிய நிரலின் வளர்ச்சியாக இது 2006-இல் லினக்ஸுக்கு வெளிவந்தது. மனிதக் குரலின் ஒலிப்பதிவுத் துண்டுகளை ஒட்டாமல், ஒலியின் அதிர்வுக்கூறுகளைக் கணக்கிட்டு உருவாக்குவது இதன் முறை. அதனால் பல மொழிகளை உள்ளடக்கியும் இதன் அளவு சில மெகாபைட்டுகளுக்குள் அடங்கியது. நிறுவல் வட்டின் தொடக்க நினைவகத்திலேயே இதனை வைக்க முடிந்ததற்கு இச்சிற்றளவே காரணம். ஸ்பீக்கப்பையும் ஈஸ்பீக்கையும் இணைக்க ஈஸ்பீக்கப் என்னும் இடைநிரல் எழுதப்பட்டது. பின்னர், 2015-இன் இறுதியில், ரீஸ் டன் முன்னெடுப்பில் ஈஸ்பீக் என்ஜி என்னும் கிளை உருவாகி இன்றுவரை வளர்ந்து வருகிறது.

தமிழ் எழுத்து ஒலியாதல்

தமிழுக்கான பேச்சொலிப்பான் முயற்சிகள் இதே காலத்தில் இந்தியாவில் தனித்தடத்தில் நடந்தன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஏ.ஜி. ராமகிருஷ்ணனும் அவர்தம் குழுவினரும் உருவாக்கிய 'திருக்குறள்' என்னும் உரை-பேச்சு மாற்றி 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அறிமுகப்படுத்தப்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இந்திய மொழிகளை அசை அடிப்படையில் கையாளும் மென்பொருள்கள் உருவாயின. 2009 தொடங்கி, நடுவண் அரசின் நிதியுதவியுடன் அக்கழகத்தின் ஹேமா மூர்த்தி தலைமையில் பல நிறுவனங்கள் இணைந்து செயற்பட்டன. முதற்கட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட ஆறு மொழிகளுள் தமிழும் ஒன்று. உருவான குரல்களை லினக்ஸின் ஓர்கா, விண்டோசின் என்விடிஏ ஆகிய திரைபடிப்பான்களுடன் இணைப்பது அத்திட்டத்தின் நோக்கங்களுள் இடம்பெற்றது. எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியும் தமிழ்க் குரலாக்கத்தில் பங்களித்தது.

இம்முயற்சிகள் எதிர்கொண்ட மொழியியல் சிக்கல்கள் இரண்டு. முதலாவது, ஒரே எழுத்து இடத்திற்கேற்ப வேறுபட்டு ஒலித்தல். 'கல்' என்பதிலும் 'பக்கம்' என்பதிலும் வல்லொலியாக இருக்கும் ககரம், 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்து அதிர்வொலியாகிறது. 'நகம்' என்பதில் உயிரிடையே தளர்ந்து ஒலிக்கிறது. சகரம் 'சட்டம்', 'பச்சை', 'பஞ்சு' ஆகியவற்றில் மூவகையாக ஒலிக்கிறது. இவற்றை விதிகளால் வரையறுக்கலாம். எனினும் பிறமொழிச் சொற்களும் பெயர்களும் விதியை மீறுகின்றன. எண்களைச் சொற்களாக விரித்தல், தமிழுக்கு இடையே வரும் ஆங்கிலச் சொற்களைப் படித்தல் ஆகியவையும் இதனோடு சேரும்.

இரண்டாவது சிக்கல் குறியேற்றம். ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழ் ஆவணங்கள் பல்வேறு எட்டுப்பிட்டு எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டன. அவற்றுட் பலவற்றில், ஆங்கில எழுத்துக்குரிய குறியெண்ணில் தமிழ் வடிவம் வரையப்பட்டிருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்துக்கோவை. பாமினி எழுத்துருவில் அமைந்த 'அம்மா' என்னும் சொல்லைத் திரைபடிப்பான் எழுத்தெழுத்தாகப் படித்தால் 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' என்றே ஒலிக்கும். காட்சியை மட்டுமே கருதிய ஒரு தீர்வு கேட்போரை முற்றிலும் விலக்கிவைத்தது. மதுரைத் திட்டம் தன் நூல்களை ஒருங்குறிக்கு மாற்றியதும், 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் டேஸ் 16 குறியேற்றத்தையும் ஏற்றதும் பார்வையற்ற வாசகர் நோக்கில் தனி முக்கியத்துவம் உடையவை. அவர்களைப் பொறுத்தவரை, எழுத்துரு மாற்றம் என்பது அழகு பற்றியதன்று. நூல் படிக்கக் கிடைக்கிறதா என்பது பற்றியது.

முதற்கேள்வியின் மொழி

கணினி தொடங்கும் தருணத்துக்கு இனி வரலாம். இவ்வகையில் மிகுதியாக ஆவணப்படுத்தப்பட்ட எடுத்துக்காட்டு டெபியன் லினக்ஸின் நிறுவல் நிரல். 2013 மே 4 அன்று வெளியான டெபியன் 7 பதிப்பின் அறிவிப்பு, பிரெய்ல் கருவி இல்லாத பார்வையற்றோரும் மென்பொருள் குரலின் துணையால் அதனை நிறுவ முடியும் என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட்டது. பார்வையற்ற ஒருவர் வெறும் கணினியில் இயங்குதளத்தைத் தாமே நிறுவிக்கொள்ளும் வாய்ப்பு இதனால் பரவலாயிற்று.

நடைமுறை எளியது. நிறுவல் ஊடகத்திலிருந்து கணினி தொடங்கும்போது தேர்வுப்பட்டி வந்ததை ஒரு 'பீப்' ஒலி உணர்த்துகிறது. பயனர் 'எஸ்' விசையையும் அடுத்து நுழைவு விசையையும் அழுத்துகிறார். கருனி ஏறியபின் குரல் எழுகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட ஒலியட்டைகள் இருந்தால் நிரல் ஒவ்வொன்றிலும் பேசிப் பார்க்கிறது. எதில் கேட்கிறதோ அப்போது நுழைவு விசையை அழுத்துமாறு கோருகிறது. பின்னர் வினாக்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன. பயனர் எண்ணையோ எழுத்தையோ உள்ளிட்டு விடையளிக்கிறார். குரலின் துணையால் நிறுவப்பட்டால், நிறுவி முடித்த இயங்குதளத்திலும் குரல் தானே இயங்குமாறு அமைக்கப்படுகிறது. இந்த இறுதிக்கூறு இல்லையெனில், நிறுவல் முழுவதும் பேசிய கணினி மறுதொடக்கத்தின்பின் ஊமையாகிவிடும்.

டெபியன் நிறுவல் கையேடு தரும் ஒரு குறிப்பு இங்குக் கருதத்தக்கது. முதற்கேள்வியாகிய மொழித்தேர்வு ஆங்கிலத்தில் பேசப்படுகிறது. எஞ்சியவை, தேர்ந்த மொழி ஈஸ்பீக்கில் இருப்பின், அம்மொழியில் பேசப்படுகின்றன. உமக்கு எம்மொழி வேண்டும் என்னும் வினாவை ஆங்கிலம் அறியாதவரிடமும் ஆங்கிலத்தில்தான் கேட்கிறது கணினி. பார்வையுள்ளோருக்கு இது பெருந்தடையாவதில்லை. பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அதனதன் எழுத்திலும் காட்டப்படுவதால், 'தமிழ்' என்னும் சொல்லைக் கண்டு தேர்ந்துகொள்ளலாம். கேட்டுப் படிப்பவருக்கு அந்தக் குறுக்குவழி இல்லை. ஆங்கிலக் குரலில் நீளும் பட்டியலைக் கேட்டுத்தான் அவர் தம் மொழியை அடைய வேண்டும்.

கண்ணுக்கான தடை காதுக்கும் தடையாதல்

முதற்கேள்வியைக் கடந்தாலும் தமிழுக்கு மற்றொரு தடை உள்ளது. இதனை விளங்கிக்கொள்ள டெபியன் நிறுவலின் இருவகை முகப்புகளை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று உரைமுகப்பு, மற்றொன்று 2007-இல் வெளியான டெபியன் 4 பதிப்பில் அறிமுகமான வரைகலை முகப்பு. வரைகலை முகப்பின் முதன்மைப் பயனாகக் கையேடு சுட்டுவது கூடுதல் மொழிகளுக்கு இடமளிப்பதை. உரைத்திரையில் காட்ட இயலாத எழுத்துமுறை கொண்ட மொழிகள் வரைகலை முகப்பினாலேயே இடம்பெற்றன. தமிழும் பிற இந்திய மொழிகள் பலவும் இவ்வகையின.

உரைத்திரையால் தமிழைக் காட்ட இயலாததற்குக் காரணம் வெளிப்படையானது. லினக்ஸின் உரைத்திரை ஒரு நேரத்தில் 256 அல்லது 512 எழுத்துருவங்களையே கையாளும். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது அதன் அடிப்படை. மெய்யோடு உயிர்க்குறியைச் சேர்த்தல், கொம்பை முன்னே நகர்த்துதல், ஒகர ஓகாரக் குறிகளை இருபுறமும் பிரித்து வரைதல் போன்ற பணிகளை அது செய்யாது. ஆகவே தமிழுக்கு வரைகலை முகப்பே வழியாயிற்று. பார்வையுள்ள தமிழருக்கு இது நல்ல தீர்வு.

மென்பொருள் குரலோ உரைத்திரையோடு பிணைக்கப்பட்டது. ஸ்பீக்கப் படிப்பது கருனி கையாளும் உரைத்திரையை. நிறுவலின்போது குரலுக்குப் பயன்படுவதும் உரைமுகப்பே. இங்கு முரண் தோன்றுகிறது. தமிழ் உள்ள இடத்தில் குரல் இல்லை; குரல் உள்ள இடத்தில் தமிழுக்கு இயல்பான இடம் இல்லை. நிறுவல் நிரலுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. ஈஸ்பீக்கில் தமிழ்க் குரல் உண்டு. இரண்டும் இருந்தும், அவை சந்திக்க வேண்டிய திரை தமிழை வரைய வல்லதாக இல்லை.

இத்தடைக்கு ஒலியியல் காரணம் எதுவும் இல்லை என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து. பேச்சொலிப்பானுக்குத் தேவைப்படுவது ஒருங்குறி எழுத்துநிரல் மட்டுமே. 'கொ' என்பதன் குறிகள் இருபுறமும் பிரிந்து நிற்பது அதற்குப் பொருட்டன்று. ககரமும் ஒகரமும் ஒலிவரிசையில் வந்தால் போதும். எழுத்தின் வடிவத்தைப் பார்க்கவே போவதில்லை எனும் ஒருவருக்கு, அவ்வடிவத்தை வரைய முடியவில்லை என்னும் காரணத்தால் அவர் மொழி மறுக்கப்படுகிறது. பாமினி முதலிய எழுத்துருக்கள் காட்சியை மட்டும் கருதி ஒலியைக் கைவிட்டன என்றால், உரைத்திரை காட்சியின் இயலாமையை ஒலியின் மீதும் சுமத்தியது. இரண்டிலும் எழுத்து என்பது கண்ணுக்குரியது என்னும் முற்கோளே செயற்பட்டது.

இது மாற்ற இயலாத நிலையன்று. தொடக்கத்தில் ஸ்பீக்கப் மென்பொருள் குரலுக்கு மேலை ஐரோப்பிய எழுத்துகளையே அனுப்ப வல்லதாக இருந்தது. 2017-இல் ஒருங்குறி எழுத்துகளைக் கடத்துவதற்கெனத் தனி வாயில் ஒன்று கருனியில் சேர்க்கப்பட்டது. சேமிப்பும் கடத்தலும் ஒருங்குறியில் அமைந்துவிட்டால், திரையில் எழுத்து வரையப்படாவிடினும் குரல் எழ முடியும். வடிவத்தையும் ஒலியையும் தனித்தனியே கையாளும் இவ்வழி, பாரதி பிரெய்ல் முன்னரே காட்டிய வழியாகும்.

நுழைவுத்திரையில் குரல்

இயங்குதளம் நிறுவப்பட்ட பின்னர் நாள்தோறும் எதிர்ப்படும் வாயில் நுழைவுத்திரை. இங்கும் குரல் எழும் காலமும் அதன் மொழியும் வேறு வேறாகவே தீர்மானிக்கப்படுகின்றன.

ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டே உடன் இணைந்து வளர்த்த என்விடிஏ, விண்டோசுக்கான கட்டற்ற திரைபடிப்பான். ஈஸ்பீக்கை உள்ளடக்கியே வழங்கப்படுவதால், நிறுவிய உடனேயே தமிழ்க் குரல் கிடைக்கிறது; அதன் இடைமுகமும் பயனர் கையேடும் தமிழில் உள்ளன. தமிழ்ப் பயனரிடையே 'திரைநவிலி' என்னும் சொல்லும் வழங்குகிறது. விண்டோஸ் நுழைவுத்திரையிலும் இது பேசுமாறு அமைக்கலாம். ஆனால், பயனர் தம் கணக்கில் தமிழைத் தெரிவுசெய்து சேமித்தாலே நுழைவுத்திரைக்கும் அது பொருந்திவிடுவதில்லை. சேமித்த அமைப்புகளை நுழைவுத்திரைக்கும் பயன்படுத்துமாறு தனியே கட்டளையிட வேண்டும். அதற்கு நிர்வாகியின் அனுமதியும் தேவை. கல்லூரி ஆய்வகம், நூலகம் போன்ற பொதுவிடங்களில் அவ்வனுமதி பெரும்பாலும் பயனரிடம் இராது.

லினக்ஸின் வரைகலைச் சூழலில் நிலைமை இதனை ஒத்ததே. 2006-இல் குநோம் 2.16 பதிப்பில் இடம்பெற்ற ஓர்கா, ஸ்பீச் டிஸ்பாட்சர் என்னும் இடைநிரல் வழியாகப் பேச்சொலிப்பானை அணுகுகிறது. குரல், மொழி, வேகம் ஆகியவை ஒவ்வொரு பயனரின் கணக்கிலும் சேமிக்கப்படுகின்றன. நுழைவுத்திரையோ எந்தப் பயனருக்கும் உரியதன்று. தனி அமைப்புகளோடு இயங்குவது. தமிழில் பேசும் கணினி, தன் உரிமையாளரிடம் கடவுச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் கேட்பது இதனாலேயே.

வணிக இயங்குதளங்களும் இத்திசையில் நகர்ந்துள்ளன. ஆப்பிளின் மேக் கணினிகளில் வாய்ஸ்ஓவர் 2005 முதல் இயங்குதளத்தோடு இணைந்தே வருகிறது. விண்டோஸ் 10-இல் 'வள்ளுவர்' என்னும் பெயரில் தமிழ்க் குரல் இடம்பெற்றது. எனினும் இத்தகைய கூடுதல் குரல்கள் மொழித்தொகுப்பாகப் பின்னரே நிறுவப்படுபவை. கணினி முதன்முதல் தொடங்கும் நேரத்தில் பேசுவது விற்பனைக்கு வந்த மொழியே.

இயல்பான குரலும் முந்தும் குரலும்

பேச்சொலிப்பான் ஆய்வுகளில் குரலின் தரம் பெரும்பாலும் கேட்போர் அளிக்கும் மதிப்பெண்ணால் அளக்கப்படுகிறது. அவ்வகையில் ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் பின்தங்கியதே. அதன் ஒலி இயந்திரத்தன்மை உடையது. பல மொழிகளுக்கான விதிகள், தாய்மொழியாளரின் திருத்தம் வேண்டும் தொடக்க முயற்சிகளே என ஈஸ்பீக்கின் ஆவணங்களும் ஒப்புக்கொள்கின்றன. ஒலிப்பதிவிலிருந்து துண்டுகளைத் தெரிந்தெடுத்து இணைக்கும் முறையில் உருவான இந்தியக் குரல்கள் செவிக்கு இனியவை. ஆனால் அவற்றுக்குப் பெரிய ஒலித்தரவுத்தொகுதி தேவை. நிறுவல் வட்டின் தொடக்க நினைவகத்தில் அவற்றை வைப்பது எளிதன்று. புள்ளியியல் முறையில் உருவாக்கப்பட்ட பிற்காலக் குரல்கள் அளவிற் சிறுத்தன. எனினும் அவையும் இயங்குதளம் தொடங்கியபின் தனியே நிறுவப்படுவனவாகவே அமைந்தன.

இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுதல் பொருந்தாது. நெடிய உரைநடையைக் கேட்க இயல்பான குரல் வேண்டும். வட்டினைப் பிரிக்கும்போது எந்தப் பகுதி அழிக்கப்படவுள்ளது என்பதை அறிய, விரைந்து எழும் தெளிவான குரல் போதும். பழகிய பயனர் பலர் மிகு வேகத்தில் கேட்பவர் என்பதால், அவ்வேகத்திலும் சிதையாத இயந்திரக் குரலை விரும்புவோரும் உண்டு. இந்திய நிறுவனங்களின் குரலாக்கம் முதல் தேவையை முன்னிறுத்தியது. இரண்டாம் தேவை பெரும்பாலும் அயல்நாட்டுத் தன்னார்வலர் உருவாக்கிய நிரலிடம் விடப்பட்டது. தமிழ் ஒலியியலில் பயிற்சியுடைய தமிழகத் துறைகள் அந்நிரலின் தமிழ் விதிகளைச் செப்பனிடும் பணியைத் தம் ஆய்வுப்பொருளாகக் கொள்வதற்கு இடமுண்டு. ஈஸ்பீக்கின் விதிகள் எளிய உரைக்கோப்புகளாக இருப்பதால், ககர சகரங்களின் ஒலிவேறுபாட்டை அறிந்த மொழியியலாளர் நிரலாக்கப் பயிற்சி மிகுதியாக இன்றியே அவற்றில் பங்களிக்க முடியும்.

தமிழகச் சூழல்

இவ்வினா தமிழகத்தில் ஏட்டளவில் நிற்பதன்று. சி-டாக் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் வெளியான பாஸ் இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது அதன் நோக்கம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் முதற்கட்டக் கணினிகளில் விண்டோசுடன் பாஸும் இடம்பெற்றது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற சிற்றூர் மாணவர் பலர் முதன்முதலாகச் சொந்தக் கணினி பெற்றது இத்திட்டத்தால்தான். அவருள் பார்வையற்ற மாணவருக்கு, கருவி கைக்கு வந்ததும் எழும் முதல்வினா, அது பேசுமா, எம்மொழியில் பேசும் என்பதே.

சட்டமும் இவ்வினாவைத் தொட்டுள்ளது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கைக்கு இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்பளித்தது. அதன்வழி இயற்றப்பட்ட 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அன்றாடப் பயன்பாட்டு மின்னணுப் பொருள்கள் அனைவருக்குமான வடிவமைப்பில் கிடைக்க வேண்டும் என்கிறது. ஒரு பொருளை அணுகுதல் என்பது அதனைத் தொடங்கும் நொடியையும் உள்ளடக்கும் எனக் கொண்டால், கணினிக் கொள்முதலின்போது கேட்கப்பட வேண்டிய வினாக்களுள் தொடக்கக் குரலும் அதன் மொழியும் அடங்கும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. பேச்சு தனிக்கருவியிலிருந்து மென்பொருளுக்கு மாறியபோது செலவு குறைந்தது. குரல் எழும் காலம் பின்தள்ளப்பட்டது. ஈஸ்பீக் போன்ற சிற்றளவு நிரல்கள் அவ்விடைவெளியைச் சுருக்கின.

2. தமிழ் மொழிபெயர்ப்பும் தமிழ்க் குரலும் தனித்தனியே இருந்தும், நிறுவலின்போது அவை ஒன்றுசேரத் தடையாக நின்றது உரைத்திரையின் எழுத்து வரையும் இயலாமை. இது காட்சி சார்ந்த தடை; ஒலி சார்ந்ததன்று. குரல் வழி நிறுவும்போது, திரையில் வரைய இயலாத மொழிகளையும் தேர்வுப் பட்டியலில் அவ்வம்மொழிக் குரலில் வழங்குவது இதற்குரிய தீர்வு.

3. நுழைவுத்திரையின் மொழி பயனரின் மொழியோடு தானே ஒத்துப்போவதில்லை. கல்வி நிறுவனங்களின் பொதுக்கணினிகளில் இதனை அமைத்துவைப்பது நிருவாகத்தின் பொறுப்பு.

4. இயல்பான குரலை உருவாக்கும் ஆய்வோடு, முந்தி எழும் குரலின் தமிழ் விதிகளைச் செப்பனிடும் ஆய்வும் தமிழகத்தில் வளர வேண்டும்.

கரிவலம்வந்தநல்லூர்ச் சுவடிகள் அழிந்தது மீட்கவியலா இழப்பு. இன்று மின்னுருவில் உள்ள நூல்களுக்கு அந்நிலை இல்லை. அவை அழியவில்லை, எட்டாமல் உள்ளன. பார்வையற்ற மாணவர் ஒருவர் கணினியை இயக்கிய நொடியிலிருந்து எவர் துணையுமின்றி அந்நூலின் முதல் வரி வரை தமிழிலேயே செல்ல இயலும்போதுதான், மின்னூலாக்கத்தின் பயன் அவரைப் பொறுத்தவரை நிறைவெய்தும்.